படிகாரக் கட்டி எரிகிறதா, இழுக்கிறதா, ஒழுகுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இங்கே சிங்கப்பூரில், ஒற்றை ப்ளேடு மாட்டும் சேஃப்டி ரேசருக்கு மாறியவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, ரேசரைப் பற்றியதாக இருக்காது. மழித்தபின் முகத்தில் தடவும் படிகாரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். "அண்ணே, எரியுது." "அண்ணே, முகம் இழுக்குது." "கட்டி தண்ணியா ஒழுகுதுண்ணே, கெட்டுப்போச்சா?" வேலையிடத்து நண்பர்கள், அடுத்த புளோக் தம்பிகள், தேசிய சேவைக்குப் போயிருக்கும் பையன்கள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அறிகுறியை வைத்துத் தேடும்படி எழுதி வைக்கிறேன். உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் பின்னால் வரும். எந்தக் கட்டத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்தந்த இடத்திலேயே இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிகாரம் எரிந்தால் பழுது பெரும்பாலும் கட்டியில் இல்லை. சற்று முன் நடந்த சவரத்தில் இருக்கிறது. ப்ளேடு எங்கே தோலைச் சுரண்டியதோ அங்கேதான் சுரீர் என்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். எரிகிறதே என்று கட்டியைத் தூக்கிப்போட்டவர்கள், எங்கே கை தவறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளையும் அனுப்பிவிட்டார்கள்.

## சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

கடைசிச் சுற்று (நுரை போட்டு முகம் முழுவதும் ஒருமுறை மழிப்பது ஒரு சுற்று) முடிந்ததும் நுரையைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். முகம் ஈரமாகவே இருக்கட்டும். கட்டியையும் குழாயில் நனைத்து, மழித்த இடமெல்லாம் அழுத்தாமல் ஒரே ஒரு முறை வழுக்கி விடுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, அந்த நேரத்தில் ரேசரையும் பிரஷையும் கழுவி வையுங்கள். பிறகு மறுபடியும் குளிர்ந்த நீரில் முகத்தை நன்றாகக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசரோ வாசனை குறைந்த பாமோ (மழித்தபின் பூசும் களிம்பு) தடவுங்கள்.

லேசான குறுகுறுப்பு வரும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். தோல் சற்று இறுகும். விரல் வைத்தால் வழுக்காமல் பிடிக்கும். கழுவியதும் அதுவும் போய்விடும். இதற்கு மேல் நடப்பதெல்லாம் கீழே.

## அறிகுறி: சுரீர் என்று எரிகிறது

"எரிகிறது" என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கே என்று சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். கட்டியைத் தடவிய கையோடு கண்ணாடியைப் பார்த்து, எரியும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்.

### முகம் முழுவதும் எரிந்தால்

முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். நம் வீட்டுக் குளியலறை ஹீட்டரில் கொதிக்கக் கொதிக்கக் குளித்துவிட்டு, தோல் சிவந்திருக்கும்போதே மழித்தால் எந்தப் படிகாரமும் எரியத்தான் செய்யும். தாடி மயிர் மிருதுவாக வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தால் போதும். நம் ஊர் வெக்கையில் குழாய்த் தண்ணீரே சில்லென்று இருக்காது. அதிலேயே நனைத்து மழிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்து அழுத்தம். இரண்டு மூன்று ப்ளேடு பதித்த கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்திப் பழகிவிட்டது. சேஃப்டி ரேசரில் அதன் எடையே வேலையைச் செய்ய வேண்டும். சோதித்துப் பார்ப்பது எளிது: கைப்பிடியின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து ஒரு கன்னத்தை மழியுங்கள், மறு கன்னத்தை வழக்கம்போல மழியுங்கள், பிறகு இரண்டிலும் படிகாரம் தடவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லவே வேண்டியதில்லை.

மூன்றாவது ப்ளேடு. பலருக்கு ஒரு ப்ளேடு 3 முதல் 5 சவரம் வரை தாங்கும். முரட்டுத் தாடிக்கு அதற்கும் குறைவு. சவரத்தின்போது மயிர் இழுபடுவதுபோல் தெரிந்தால் எண்ணிக்கை பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஒரு ப்ளேடின் விலை காப்பிக்கடைக் காப்பியைவிடக் குறைவு. புது ப்ளேடு போட்ட அன்றே எரிந்தால், அது உங்கள் தோலுக்கு அதிகக் கூர்மை. ஃபெதர் ப்ளேடை எல்லோரும் புகழ்வார்கள், உண்மையிலேயே நல்ல ப்ளேடுதான். ஆனால் கை பழகாதவருக்கு அது மன்னிக்காத ப்ளேடு. பழகும்வரை அஸ்ட்ரா, டெர்பி போன்றவற்றில் இருங்கள்.

நான்காவதைப் பலரும் யோசிப்பதே இல்லை: இரவில் தடவும் முகக் களிம்பு. முகப்பருவுக்குத் தரும் ட்ரெட்டினாயின், அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் எல்லாம் தோலை எளிதில் எரிச்சல் படும்படி ஆக்கும். படிகாரமும் அமிலத்தன்மை உடையது. இரண்டும் சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? சில நாள் படிகாரத்தை நிறுத்துங்கள். களிம்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், எந்த நாளில் தடவலாம், எந்த நாளில் மழிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

### கழுத்தில் மட்டும் எரிந்தால்

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். ஏறக்குறைய எப்போதும் காரணம் ஒன்றே: கழுத்து மயிர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று தெரியாமல் மழிப்பது. கன்னத்தில் மேலிருந்து கீழாக வளரும் மயிர், கழுத்தில் பக்கவாட்டில் படுத்திருக்கும். சிலருக்குக் கீழிருந்து மேலாகவே வளரும், சிலருக்குச் சுழி இருக்கும். முதல் சுற்றிலேயே மேலிருந்து கீழே இழுத்தால், உங்களை அறியாமல் எதிர்ப்போக்கில் மழித்துவிடுகிறீர்கள்.

இரண்டு நாள் மழிக்காமல் விடுங்கள். வார இறுதியில் செய்தால் அலுவலகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு விரல் நுனியால் கழுத்தை நான்கு திசையிலும் தடவுங்கள். எந்தத் திசையில் வழவழப்பாக இருக்கிறதோ அதுதான் வளரும் போக்கு. சொரசொரப்பாக இருப்பது எதிர்ப்போக்கு. ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். சின்ன வேலைதான், ஆனால் மற்ற எல்லா அறிவுரையும் சேர்ந்து தரும் பலனைவிட இது தரும் பலன் அதிகம்.

அதன்பின் இரண்டு வாரம் கழுத்தைப் போக்கில் மட்டும் மழியுங்கள். எதிர்ப்போக்குச் சுற்று வேண்டாம். படிகாரம் அமைதியானால், பக்கவாட்டுச் சுற்று ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். அதோடு நிறுத்திக்கொண்டாலும் ஒன்றும் குறையாது. எதிர்ப்போக்கு எல்லாக் கழுத்துக்கும் ஒத்துவராது, ஒத்துவராத கழுத்தோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

### மேலுதட்டிலோ மோவாயிலோ மட்டும் எரிந்தால்

இங்கே மயிர் அடர்த்தி, இடம் வளைவு. நுரை ஏற்கெனவே போன இடத்தில் திரும்பத் திரும்ப ரேசரை ஓட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு முறை ரேசர் படும்போதும் அங்கே நுரை இருக்க வேண்டும். மோவாயையும் மேலுதட்டையும் கடைசியில் மழியுங்கள். நுரை அதிக நேரம் ஊறும், மயிர் இளகும்.

### ஒரு கன்னத்தில் மட்டும் எரிந்தால்

ரேசரைத் தலைகீழாகத் திருப்பி, ப்ளேடு இரு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் என்றால் கோணலாகப் பொருந்தியிருக்கிறது. தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ப்ளேடு நேராக இருந்தும் எரிந்தால் அது கையின் கோணம். வலக்கைக்காரர்களுக்கு ஒரு கன்னத்தில் மணிக்கட்டு இயல்பாக வளையும், மறு கன்னத்தில் வளையாது. ரேசரின் மேல்மூடியை முதலில் கன்னத்தில் படிய வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழிறக்குங்கள். ப்ளேடு மயிரைத் தொடும் சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். தோலுக்கும் ப்ளேடுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகை இருக்கும். அளந்து பார்க்க வேண்டாம், காது சொல்லும்.

### கழுவிய பிறகும் எரிச்சல் அடங்காவிட்டால்

கழுவி ஒரு மணி நேரம் ஆகியும் எரிந்தால், அல்லது எரிந்த இடம் தடித்து வீங்கினால், அதைச் சாதாரணச் சவரச் சிராய்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமையாக இருக்கலாம். கட்டியின் உறையைப் பாருங்கள்; வெறும் படிகாரம் இல்லாமல் மென்தால், வாசனைப் பொருள் சேர்த்த கட்டிகளும் விற்கின்றன. முகத்தில் பூசுவதை நிறுத்திவிட்டு, தோல் ஆறியபின் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் காசளவு இடத்தில் தினமும் இரு முறை தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். ஒரு வாரம் செய்யுங்கள். அங்கேயும் சிவந்து அரித்தால் அந்தக் கட்டி உங்களுக்கு வேண்டாம். அங்கே ஒன்றும் இல்லை, முகத்தில் மட்டும் என்றால், ஷேவிங் கிரீமையும் ஆஃப்டர்ஷேவையும் அதே முறையில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். உதடு, கண்ணிமை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ சோதனைக்கெல்லாம் நேரமில்லை. ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

## அறிகுறி: எரிச்சலே இல்லை, எதுவும் நடப்பதாகவே தெரியவில்லை

நல்ல செய்தியாக இருக்கலாம். நன்றாக மழித்த முகத்தில் படிகாரம் சத்தமே போடாது. கழுவுவதற்கு முன் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது வழுக்கி, கொஞ்ச நேரத்தில் பிடிக்கத் தொடங்கினால் கட்டி வேலை செய்கிறது, உங்கள் கையும் நன்றாக இருக்கிறது.

பிடிப்பே வரவில்லை என்றால் மூன்று காரணம். முகமோ கட்டியோ காய்ந்திருக்கிறது, நனையுங்கள். நுரையோ ஷேவிங் எண்ணெயோ முழுதாகப் போகவில்லை, மறுபடி கழுவுங்கள். மூன்றாவது, நீங்கள் வாங்கியது படிகாரமே இல்லை.

இந்த மூன்றாவதில் கவனமாக இருங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம், வெங்காரம், நவச்சாரம் எல்லாம் ஒரே தட்டில் அடுத்தடுத்துப் பொட்டலமாக இருக்கும். வெங்காரம் காரத்தன்மை உடையது, முகத்துக்கு ஆகாது. "ஷேவ் பண்ணதும் முகத்துல தேய்க்கிற படிகாரம் குடுங்க" என்று தெளிவாகக் கேளுங்கள். சீனக்காரம் என்று தந்தால் அதுவும் படிகாரமே. மலாய்க்காரர் கடையில் தவாஸ் என்று கேட்கலாம். நல்ல படிகாரம் கண்ணாடிபோல் தெளிவாகவோ பால்வெள்ளையாகவோ இருக்கும். நீலமாக இருந்தால் அது துத்தம், கையில்கூட எடுக்காதீர்கள்.

வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் படிகாரமும் படிகாரம்தான். ஆனால் அது வெட்டியெடுத்த கரட்டுக் கல். விளிம்பு கூராக இருக்கும், மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருக்கும். முகத்துக்கென்று வழவழப்பாக்கிய கட்டி சில சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கிறது. இந்த இடத்தில் காசு பார்க்க வேண்டாம்.

## அறிகுறி: முகம் இழுக்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது

கழுவாமல் விட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். "காயட்டும், அப்பத்தான் வேலை செய்யும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஒரு நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் முகத்தில் இருந்தால் காய்ந்து உப்புப் படலமாக நிற்கும், தோலை வறட்டும். குளிர்ந்த நீரில் கழுவுங்கள், ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை.

கழுவியும் இழுத்தால், மேலே என்ன பூசுகிறீர்கள் என்று பாருங்கள். படிகாரத்துக்கு மேல் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் என்பது வறட்சிக்கு மேல் வறட்சி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாள் முழுக்க ஏர்கான் அறையில் உட்காரும் வேலை என்றால் பாம் கட்டாயம் வேண்டும். வெளியே எவ்வளவு ஈரக்காற்று இருந்தாலும் அலுவலகத்துக்குள் இருப்பது உலர்காற்று.

இத்தனையும் செய்து இழுவை நிற்கவில்லை என்றால் உங்கள் தோல் இயல்பிலேயே வறண்ட வகை. தினமும் படிகாரம் வேண்டாம், வெட்டுப்பட்ட அன்று மட்டும் அந்த இடத்தில் வையுங்கள். இது தோல்வி அல்ல, கட்டி அதிக நாள் வரும். செதில் செதிலாக உரிந்து அரிப்பும் சேர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு தோல் நோயாக இருக்கக்கூடும்.

## அறிகுறி: வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை

பனித்துளிபோல் வரும் சின்னச் சின்னப் புள்ளிகளைப் படிகாரம் நிறுத்திவிடும். அது தோலின் புரதத்தை உறையவைத்துச் சுருக்குகிறது, மேலோட்டமான கசிவு அடைபடுகிறது. ஆழமான வெட்டுக்கு அது போதாது. பலரும் செய்யும் தவறு, நிற்காத இரத்தத்தின் மேல் கட்டியைத் தேய்த்துக்கொண்டே இருப்பது. தேய்க்கத் தேய்க்க உறைந்தது பெயர்ந்து வரும்.

குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்த கட்டியின் மூலையை வெட்டின் மேல் அசைக்காமல் அரை நிமிடம் வைத்துப் பிடியுங்கள். நிற்கவில்லையா, கட்டியை ஓரமாக வையுங்கள். சுத்தமான டிஷ்யூவை மடித்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. அடிக்கடி வெட்டுப்படுகிறவர்கள் மருந்துக் கடையில் ஸ்டிப்டிக் பென்சில் ஒன்று வாங்கி வைக்கலாம்; அது அந்த ஒரு புள்ளியில் வைப்பதற்கென்றே செய்தது. நன்றாக எரியும், தெரிந்தே வையுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன வெட்டிலும் இரத்தம் அதிக நேரம் வரும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் அப்பாவோ மாமாவோ இப்படி மருந்தில் இருந்தால், சேஃப்டி ரேசரைவிட மின்சார ஷேவர் அவர்களுக்குப் பாதுகாப்பு. இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

20 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை, அல்லது வெட்டின் வாய் பிளந்து நிற்கிறது என்றால் கிளினிக்குக்குப் போங்கள். மச்சத்தின் மேல் வெட்டிவிட்டால் இரத்தம் நின்ற பிறகும், வசதியான ஒரு நாளில் மருத்துவரிடம் அந்த மச்சத்தைக் காட்டுங்கள். அதுவரை அதைச் சுற்றி மழியுங்கள்.

## அறிகுறி: மறுநாள் பொரிப்பொரியாக வருகிறது

படிகாரம் போட்டும் ஏன் வருகிறது என்று கேட்பார்கள். படிகாரம் போட்டால் வராது என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால் அது பொய் வாக்கு. வந்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

### பொரியின் நடுவில் சுருண்ட மயிர் தெரிந்தால்

உள்முடி. சுருள்முடிக்காரர்களுக்குக் கழுத்திலும் தாடைக்குக் கீழும் வரும். அதிகம் ஒட்ட மழித்ததால் கூராக வெட்டுப்பட்ட மயிர் திரும்பித் தோலுக்குள் குத்தியிருக்கிறது. இதற்கு மருந்து, ஒட்ட மழிக்காமல் இருப்பது. பொரி அடங்கும்வரை, பல வாரம் ஆனாலும், மழிப்பதை நிறுத்துங்கள். வேலைக்கு முகம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்றால் ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஊசியால் நோண்டாதீர்கள், மயிரைப் பிடுங்காதீர்கள். திரும்ப மழிக்கத் தொடங்கும்போது போக்கில் மட்டும், ஒரே சுற்று.

இங்கே படிகாரத்தைப் பற்றி ஒரு சூட்சுமம். ஈர விரலில் படிகாரம் தடவிக்கொண்டால் வழுக்காது, தோலை நன்றாக இழுத்துப் பிடித்து மழிக்கலாம். அருமையான உத்தி, நானே கன்னத்துக்குச் செய்கிறேன். ஆனால் தோலை இழுத்துப் பிடித்து மழித்தால், விட்டதும் மயிர் நுனி தோலுக்குக் கீழே போய்விடும். உள்முடி வருகிறவர்கள் கழுத்தில் இதைச் செய்யவே கூடாது.

தேசிய சேவையில் இருக்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் மழிக்க வேண்டிய இடம் அது, அதனால் பொரியின் மேலேயே திரும்பத் திரும்ப மழித்துவிடுகிறீர்கள். மறைத்து வைக்காமல் முகாம் மருத்துவ அதிகாரியிடம் காட்டுங்கள். தழும்பு விழுந்த பிறகு காட்டினால் சரிசெய்வது கடினம்.

### பொரியின் தலையில் சீழ் இருந்தால்

மயிர்க்கால் தொற்று. வியர்வை, பழைய ப்ளேடு, நாள்கணக்கில் துவைக்காத துண்டு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் குளியலறையில் தொங்கும் துண்டு முழுதாகக் காய்வதே இல்லை. முகத்துக்குத் தனித் துண்டு வைத்து, வெயிலில் உலர்த்துங்கள். ப்ளேடை மாற்றுங்கள். சீழ் இருக்கும்வரை அந்த இடத்தில் ரேசர் வேண்டாம், படிகாரமும் வேண்டாம்; கட்டியில் ஒட்டிய சீழ் அடுத்த இடத்துக்குப் போகும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் வந்த கொப்புளத்தைப் பிதுக்காதீர்கள், அங்கிருந்து தொற்று உள்ளே பரவும் ஆபத்து உண்டு.

நான்கைந்து நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நான்கைந்து நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே போக வேண்டும்.

### இவை இரண்டும் இல்லை என்றால்

ஒரே பக்கத்தில் கொத்தாக, நீர் கோத்து, வலியோடு வந்தால் அக்கி வகையாக இருக்கலாம். வட்டமாகப் படர்ந்து ஓரத்தில் செதில் வந்தால் படர்தாமரை. இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. மழிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மழித்தால் பரவும்.

## அறிகுறி: இரண்டாம் சுற்றில் நுரை திரிந்து போகிறது

முதல் சுற்று முடிந்ததும் படிகாரம் தடவி, கழுவாமல் மறுபடி சோப்பு போட்டிருப்பீர்கள். அல்லது விரலில் இருந்த படிகாரம் பிரஷுக்குப் போயிருக்கும். சோப்பும் படிகாரமும் சேர்ந்தால் நுரை செத்து, கரையாத வெள்ளைத் திப்பியாகும். முகத்தையும் கையையும் கழுவிவிட்டுத் தொடருங்கள். பிரஷைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். படிகாரம் கடைசிச் சுற்றுக்குப் பிறகு என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

## அறிகுறி: கட்டி ஒழுகுகிறது, பிசுபிசுக்கிறது, உடைகிறது

படிகாரம் கெட்டுப்போவதில்லை. நம் காற்றின் ஈரத்தில், அதுவும் சன்னல் சிறிதாக உள்ள குளியலறையில், நனைந்த கட்டி காயாமல் இருக்கிறது, அவ்வளவுதான். பயன்படுத்தியதும் உதறி, டிஷ்யூவில் ஒற்றி, அடியில் ஓட்டையுள்ள சோப்புப் பெட்டியிலோ கம்பித் தட்டிலோ நிறுத்தி வையுங்கள். கூடவே வரும் மூடிய டப்பாவில் ஈரத்தோடு போட்டால்தான் அடியில் தண்ணீர் கோத்துக் கட்டி கரையும். சுடுநீரில் படிகாரம் மிக வேகமாகக் கரைவதால், நனைப்பதும் குளிர்ந்த நீரில் இருக்கட்டும்.

விளிம்பு கூராகிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் விரலால் தேய்த்துக்கொண்டே இருங்கள், மழுங்கிவிடும். கீழே விழுந்து உடைந்தால் பெரிய துண்டை இப்படியே வழவழப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். சிறு துண்டுகளை விரல் பிடிப்புக்கு வையுங்கள்.

உடைந்ததை அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றப் பார்க்காதீர்கள். 92 பாகை செல்சியஸ் அளவில் அது தன்னுள் இருக்கும் நீரிலேயே உருகும், உண்மைதான். சூடு கொஞ்சம் தாண்டினால் அந்த நீர் ஆவியாகி, பொரிந்து உப்பி, சொரசொரப்பான வெள்ளைப் பொருக்காகிவிடும். சித்த மருத்துவத்தில் அப்படிப் பொரித்து எடுப்பது வேறு காரியத்துக்கு. மழித்த முகத்தில் அதைத் தேய்க்க முடியாது.

## அறிகுறி: ரேசரிலும் தரையிலும் கறை

படிகார நீர் அமிலம். முலாம் உரிந்த ரேசரின் உள்ளே இருக்கும் மலிவு உலோகத்தை அது அரிக்கும், ப்ளேடில் துரு ஏற்றும். படிகார விரலோடு ரேசரைத் தொட்டால் கடைசியில் கழுவித் துடைத்து வையுங்கள். பளிங்குக் கல் பதித்த வாஷ்பேசின் மேடையிலோ பழைய வீட்டு டெரஸ்ஸோ தரையிலோ கட்டியை வைத்தால் பளபளப்புப் போய் மங்கல் வட்டம் விழும். அந்த மங்கலைத் துடைத்து எடுக்க முடியாது, கல்லை மறுபடி மெருகேற்றும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். ஒரு தட்டு வைப்பது அதைவிட மலிவு.

## ஒரே கட்டி, பல முகம்

இதற்கு அறிகுறி கிடையாது, அதனாலேயே இதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன். தங்குவிடுதிகளில் ஓர் அறையில் பலர் இருக்கும்போது, குழாயடியில் கிடக்கும் ஒரே படிகாரத்தை எல்லோரும் எடுத்துத் தேய்ப்பது சர்வ சாதாரணம். வீட்டில் அப்பாவும் மகனும்கூட அப்படியே செய்கிறார்கள். படிகாரம் கிருமியைக் கட்டுப்படுத்தும் என்பதால் கட்டி தானாகச் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறார்கள். அது சில பாக்டீரியாவை அடக்கும், உண்மை. இரத்தத்தின் வழியே பரவும் ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி போன்றவற்றிலிருந்து அது உங்களைக் காக்கும் என்று நம்பி இருக்க முடியாது. வெட்டுப்பட்ட இடத்தில் தேய்க்கும் பொருள் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். ஒரு பெரிய கட்டியை உடைத்துப் பங்கு போட்டாலும் போதும்.

முடிதிருத்தும் கடையிலும் இதே விதி. எல்லோருக்கும் தேய்த்த கட்டியை உங்கள் கன்னத்துக்குக் கொண்டுவந்தால், "அண்ணே, கல்லு வேண்டாம், தண்ணி மட்டும் தெளிங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். சில கடைகளில் படிகாரத்தைக் கரைத்துத் தெளிக்கிறார்கள், அது பரவாயில்லை.

குழந்தைக்கு மொட்டை அடித்த தலையில் படிகாரம் வேண்டாம். கீறல் இருந்தால் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றுங்கள்.

## மருத்துவரிடம் போகும்போது

முதலில் பக்கத்துக் கிளினிக் அல்லது பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போதும். தோல் நிபுணரைப் பார்க்க வேண்டி வந்தால், பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்குப் போனால் உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம். நேராகத் தனியாரிடம் போனால் செலவு அதிகம். தாடை ஓரத்தில் தழும்பு தடித்துத் தடித்து வளர்கிறவர்கள் மட்டும் தாமதிக்காமல் நிபுணரையே கேளுங்கள்.

போகும் அன்று மழிக்காதீர்கள், படிகாரம் தடவாதீர்கள். பொரியும் சிவப்பும் இருந்தபடியே தெரிய வேண்டும். சவரம் செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் எடுத்த படங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். படிகாரக் கட்டி, சோப்பு அல்லது கிரீம், ஆஃப்டர்ஷேவ், இரவுக் களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.